கண் மட்டும் போதுமா?

பள்ளியை விட்டுச் செல்லும் மாணவியின் மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்றொரு பகுதி உண்டு. நம்மில் பலருக்கு அங்கே எழுதப்படுவது ஒரு மச்சந்தான். மச்சத்தைப் பார்த்து அதிர்ஷ்டம் சொல்வோரும் உளர். ஆனால் ஒரு மச்சத்தைப் பார்த்து மருத்துவரே திகைத்து நிற்பதுண்டு என்பதை அறிவீர்களா, தோழியரே?

தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் ஓரிடத்தில் கூடி வளர்வதே மச்சம். பெரும்பாலும் அது எத்தீங்கும் செய்வதில்லை. அதே வகை உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகினால், அது மெலனோமா என்னும் கொடிய புற்றுநோய். ஐயத்திற்குரிய மச்சத்தை வெட்டியெடுத்து, மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியில் பார்த்தே மருத்துவர் முடிவு கூறுகிறார். ஆனால் சில கட்டிகள் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன.

நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் பணியாற்றிய சோஃபி ஸ்பிட்ஸ் என்ற பெண் மருத்துவர், 13 குழந்தைகளின் கட்டிகளை ஆராய்ந்து 1948-இல் எழுதினார். நுண்ணோக்கியில் அவை மெலனோமாவாகவே தோன்றின. ஆயினும் இறந்தது ஒரே குழந்தைதான். இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பது பின்னர் தெளிவாயிற்று. இன்று அவை அவர் பெயராலேயே 'ஸ்பிட்ஸ் மச்சம்' எனப்படுகின்றன. அப்படியானால், கொல்லும் கட்டியைக் கண்ணால் மட்டும் எவ்வாறு பிரித்தறிவது?

இங்கேதான் மரபணுச் சோதனை துணைக்கு வருகிறது. மெலனோமாவில் குரோமோசோம்களின் பகுதிகள் பல இடங்களில் மிகுந்தோ குறைந்தோ காணப்படும். ஸ்பிட்ஸ் மச்சத்தில் பெரும்பாலும் அவ்வாறிராது. சிலவற்றில் 11-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி மட்டும் மிகுந்திருக்கும்.

"அப்படியானால் நுண்ணோக்கி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அதைக் கைவிடலாகாது என்பதே என் கருத்து. பிராஃப் என்னும் மரபணுவின் ஒரு மாற்றம் பல மெலனோமாக்களில் இருப்பதை 2002-இல் கண்டறிந்தனர். மறு ஆண்டே, சாதாரண மச்சங்களிலும் அதே மாற்றம் மிகுதியாக இருப்பது தெரியவந்தது! அதை மட்டும் நம்பியிருந்தால் எத்தனை பேரை வீணே கலங்க வைத்திருப்போம்!

பொற்கொல்லர் நகையைக் கண்ணால் பார்க்கிறார். உரைகல்லில் உரைத்தும் பார்க்கிறார். மரபணுச் சோதனைக்குச் செலவு மிகுதி. எல்லா மச்சத்திற்கும் அது வேண்டியதில்லை. ஆனால் தேர்ந்த கண்ணே ஐயுறும்போது செலவைப் பெரிதாக எண்ணலாமா? தீங்கற்றதைப் புற்றுநோய் என்று கூறிவிட்டால், ஒரு சிறுமி தேவையற்ற அறுவைக்கு ஆளாவாள். அவள் பெற்றோர் உறக்கம் இழப்பர். புற்றுநோயை மச்சம் என்று விட்டுவிட்டாலோ, உயிரே போய்விடக்கூடும்.

பெற்றோர்களே, உள்ளங்காலில் ஆயினும் ஒரு மச்சம் வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, இரத்தம் கசிந்தாலோ மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்து வியக்கும் தோழியே, நாளை ஒரு குழந்தையின் வாழ்வு உன் கண்ணை நம்பியிருக்கலாம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற முதுமொழியை அன்று மறவாதே!

— மேனிலை முதலாண்டு மாணவி