அசையாமல் நின்ற மீட்டர்

2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. லண்டனுக்கு வடக்கே ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊரை ஒட்டி இருக்கிறது பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு. அங்கே 912 என்று எண் போட்ட டேங்கில் சனிக்கிழமை மாலையிலிருந்தே குழாய் வழியாகப் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை மூன்று மணி வாக்கில், கன்ட்ரோல் ரூம் திரையில் அந்த டேங்கின் அளவு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் நின்றது. நின்றது நின்றதுதான். பெட்ரோல் மட்டும் நிற்கவில்லை.

ஐந்தரை மணியைத் தாண்டியதும் டேங்க் நிரம்பி, உச்சியிலிருந்து பெட்ரோல் அருவி மாதிரி கொட்ட ஆரம்பித்தது. வெளியேறியது இரண்டரை லட்சம் லிட்டருக்கும் மேல். அது ஆவியாகி, வெண்பனி போலத் தரையோடு பரவியது. 6.01 மணிக்கு வெடித்தது. நில அதிர்வு மானிகளில் 2.4 ரிக்டர் என்று பதிவாகும் அளவுக்கு அதிர்வு. இருபதுக்கும் மேற்பட்ட டேங்குகளைத் தீ சூழ்ந்து, பல நாள் எரிந்தது. 43 பேர் காயமடைந்தார்கள். விடுமுறை நாள் விடிகாலை என்பதால் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஆளில்லை, உயிர்ச்சேதம் இல்லை. வேலை நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அந்த மீட்டர் கெட்டுப்போனதில் ஆச்சரியம் இல்லை. கருவி என்றால் ஒருநாள் கெடும். அது கெட்டது என்று யாருக்கும் தெரியாமல் போனதுதான் பிரச்னை. திரை அணைந்திருந்தால், எண் பூஜ்யமாகியிருந்தால், யாராவது ஓடிப்போய்ப் பார்த்திருப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு என்பது நம்பக்கூடிய எண். 'நிரம்பப் போகிறது' என்று கத்த வேண்டிய அலாரமும் அதே மீட்டரின் கணக்கை நம்பித்தான் இருந்தது. மீட்டர் உறைந்தது, அலாரமும் வாய் திறக்கவில்லை. அங்கே இருந்ததோ ஒரே ஒரு திரை. ஒரு நேரத்தில் ஒரு டேங்கைத்தான் முழுதாகப் பார்க்க முடியும்.

நம் வீட்டு மொட்டை மாடி டேங்க் வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவார், மோட்டாரை நிறுத்துவோம். ரிஃபைனரியில், உரத் தொழிற்சாலையில், மின் நிலையத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் வேலையைச் செய்பவைதான் 'ஃபீல்டு' கருவிகள். குழாயில் எவ்வளவு அழுத்தம், கொதிகலனில் எவ்வளவு சூடு, டேங்கில் எவ்வளவு மட்டம் என்று அளந்து, தூரத்தில் இருக்கும் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும் டிரான்ஸ்மிட்டர்கள். பெரிய ஆலையில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். பாலிடெக்னிக் கவுன்சலிங்கில் 'ஐ.சி.இ.'ன்னா என்ன கோர்ஸ் என்று விழிக்கும் பெற்றோருக்கு ஒரு வரியில் பதில் சொல்வதானால், இந்தக் கருவிகளையும் அவற்றை வைத்து ஆலையை ஓட்டுவதையும் சொல்லித்தரும் படிப்பு.

இவை பேசும் மொழி எளிமையானது. இரண்டே கம்பி. அதில் ஓடும் மின்சாரம் 4 மில்லி ஆம்பியர் என்றால் அளவு பூஜ்யம், 20 என்றால் முழு அளவு, 12 என்றால் சரிபாதி. பூஜ்யத்துக்கு ஏன் 4? கம்பியே அறுந்துவிட்டால் மின்சாரம் நின்றுவிடும். அப்போது 'டேங்க் காலி' என்பதையும் 'கம்பி அறுந்தது' என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது அல்லவா? அதற்காக. பெரியவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

1980களின் நடுவில் அமெரிக்காவின் ரோஸ்மவுன்ட் நிறுவனம் இந்தப் பழைய கம்பியிலேயே ஒரு வித்தை செய்தது. ஓடும் மின்சாரத்தின் மேலேயே மெல்லிய ஒலி அலை போன்ற ஒரு சிக்னலை ஏற்றினார்கள். ஒன்றுக்கு 1200 ஹெர்ட்ஸ், பூஜ்யத்துக்கு 2200 ஹெர்ட்ஸ். அது மேலும் கீழும் சமமாக ஆடுவதால் சராசரியில் 4-20 கணக்கு மாறாது. 'ஹார்ட்' என்று பெயர். இதன் பிறகு டிரான்ஸ்மிட்டர் அளவை மட்டும் சொல்லவில்லை. தன் பெயர், சீரியல் நம்பர், எந்த அளவுக்குள் செட் செய்யப்பட்டிருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தது.

இதையெல்லாம் கேட்டு, ஓரிடத்தில் சேர்த்து வைப்பதுதான் டிவைஸ் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர். எமர்சனின் ஏ.எம்.எஸ்., யோகோகவாவின் பி.ஆர்.எம்., சீமென்ஸின் பி.டி.எம். என்று பல உண்டு. இது இல்லாத ஆலையில் கதை இப்படிப் போகும். கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும்: "அண்ணே, அந்த பிரஷர் ஏதோ தப்பா காட்டுது, கொஞ்சம் பாருங்க." டெக்னீஷியன் பர்மிட் வாங்கி, ஹெல்மெட் மாட்டி, வெயிலில் நடந்து, நாலு மாடி உயரத்துக்கு ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து பார்த்தால் கருவி நன்றாகவே இருக்கும். கோளாறு வேறெங்கோ. மறுநாள் அதே போன் வரும். சாஃப்ட்வேர் இருந்தால் முதல் பார்வையை மேஜையிலிருந்தே பார்க்கலாம். நிஜமாகவே ஏறவேண்டிய ஏணியில் மட்டும் ஏறினால் போதும்.

கருவி தன் நோயைத் தானே எப்படிக் கண்டுபிடிக்கும்? இதில் ரசிக்கத்தக்க விஷயம் ஒன்று இருக்கிறது. குழாயில் ஓடும் திரவத்தின் அழுத்தம் ஒருபோதும் அப்படியே நிற்காது. பம்ப் சுற்றும், வால்வ் அசையும், திரவம் சுழித்துக்கொண்டு போகும். அழுத்தம் மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். குழாயையும் டிரான்ஸ்மிட்டரையும் இணைப்பது ஒரு மெல்லிய டியூப். அதில் மெழுகோ சேறோ அடைத்துக்கொண்டால், உள்ளே சிக்கிய அழுத்தத்தையே டிரான்ஸ்மிட்டர் காட்டிக்கொண்டிருக்கும். திரையில் ஆடாமல் அசையாமல் அழகான ஒரு எண். பார்ப்பவருக்கு நிம்மதி. சில ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டர்கள் நல்ல நாளில் அந்த நடுக்கம் எவ்வளவு என்று கவனித்து வைத்துக்கொள்கின்றன. நடுக்கம் காணாமல் போனால் 'என் டியூப் அடைத்திருக்கலாம்' என்று தகவல் கொடுக்கின்றன. குழந்தை இருக்கும் வீட்டில் ரொம்ப நேரம் சத்தமே இல்லையென்றால் அம்மா எட்டிப் பார்ப்பாரே, அதே சந்தேகம்தான்.

பன்ஸ்ஃபீல்டு மீட்டர் வேறு வகை. ஆனால் விசாரணையில் வெளிவந்த ஒரு கணக்கு இங்கே பொருந்தும். அந்த மீட்டர் அன்றைக்கு முதல் முறையாகச் சிக்கிக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31க்கும் விபத்துக்கும் இடையில் 14 முறை சிக்கியிருந்தது. சில முறை சூப்பர்வைசர்களே மீட்டரின் அளவு உருளையை மேலே இழுத்து, மறுபடி கீழே விட்டுச் சரிசெய்திருக்கிறார்கள். சில முறை கான்ட்ராக்டர் வந்திருக்கிறார். சில முறை அது கோளாறு என்று பதிவானது, சில முறை ஆகவில்லை. ஒவ்வொரு ஷிஃப்டும் தன் பங்குக்குச் சமாளித்துவிட்டு வீட்டுக்குப் போனது. 14 என்ற எண்ணை விபத்துக்கு முன்பு யாரும் முழுதாகப் பார்க்கவில்லை.

சாஃப்ட்வேர் இருந்திருந்தால் விபத்தே நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கருவி எப்போது எப்போது மக்கர் செய்தது, யார் என்ன மாற்றினார், கடைசி காலிபரேஷனில் எவ்வளவு விலகியிருந்தது என்று தேதியோடு ஒரே பக்கத்தில் வைப்பதுதான் இதன் முதல் வேலை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் ஃபைல் மாதிரி. டாக்டர் மாறலாம், ஷிஃப்ட் மாறலாம், ஃபைல் மாறாது.

ஆனால் இதை வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பல ஆலைகளில் டிரான்ஸ்மிட்டர் 'ஹார்ட்' பேசும்; கன்ட்ரோல் ரூமில் அதன் கம்பி வந்து சேரும் கார்டோ 4-20ஐ மட்டுமே படிக்கும் பழைய கார்டு. வாயுள்ள கருவியை வாங்கி, காது கேட்காத கார்டில் மாட்டிய கதை. காசு கொடுத்தது எதற்கோ, கிடைப்பது வேறு.

எல்லாம் ஒழுங்காக இணைந்திருந்தால் நேரெதிரான தொல்லை. ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் 'எனக்குத் தலைவலி, எனக்குக் கால்வலி' என்று புலம்பும். பட்டியல் நீண்டால் யாரும் படிக்க மாட்டார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த 'நாமுர்' என்ற அமைப்பு இதற்காகவே கருவிகளின் புலம்பலை நான்கு நிறங்களாகப் பிரித்தது. சிவப்பு என்றால் பழுது, காட்டும் எண்ணை நம்பாதே. ஆரஞ்சு என்றால் சோதனை நடக்கிறது, கொஞ்சம் பொறு. மஞ்சள் என்றால் தாங்கக்கூடிய வரம்பைத் தாண்டி வேலை வாங்குகிறாய். நீலம் என்றால் இப்போதைக்குச் சரி, சீக்கிரம் கவனி. கன்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு உடனே தெரிய வேண்டியது சிவப்பு. நீலம் மெயின்டனன்ஸ் ஆட்களுக்குப் போனால் போதும். எந்தப் புலம்பல் எந்த நிறம் என்று தங்கள் ஆலைக்கு ஏற்ப உட்கார்ந்து தீர்மானிக்கும் பொறுமை பலருக்கு இருப்பதில்லை.

மேஜையிலிருந்தே கருவியை மாற்றலாம் என்பதிலும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 0 முதல் 10 பார் வரை அளக்கும் ஒரு டிரான்ஸ்மிட்டரை ஒருவர் சாஃப்ட்வேரில் 0 முதல் 16 பார் என்று மாற்றுகிறார். கன்ட்ரோல் சிஸ்டத்தில் மாற்ற மறந்துவிடுகிறார். குழாயில் நிஜமான அழுத்தம் 8 பார். கருவிக்கு அது சரிபாதி. 12 மில்லி ஆம்பியர் அனுப்பும். திரை தன் பழைய கணக்குப்படி பாதி என்றால் 5 பார் என்று காட்டும். கருவி நல்ல கருவி, கம்பி நல்ல கம்பி, எண் பொய். அதனால்தான் பல டிரான்ஸ்மிட்டர்களின் உள்ளே, வெளியிலிருந்து யாரும் மாற்ற முடியாதபடி தடுக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள்.

தகவல் வந்தும் பயனில்லாமல் போனதற்கு அதே 2005இல் இன்னொரு சாட்சி உண்டு. மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரி. 170 அடி உயர டவர் ஒன்றில் திரவம் 158 அடி வரை ஏறிவிட்டது. அடிப்பகுதியை மட்டுமே அளக்கும் டிரான்ஸ்மிட்டர், திரவத்தின் அடர்த்தி தவறாகக் கணக்கிடப்பட்டிருந்ததால், 7.9 அடி என்றும் மட்டம் இறங்கிவருகிறது என்றும் காட்டிக்கொண்டிருந்தது. வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள். அந்த மட்டக் கருவியில் கோளாறு என்பது முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது. தெரிந்தே யூனிட்டை ஓட்டத் தொடங்கினார்கள் என்கிறது அமெரிக்க ரசாயன விபத்து விசாரணை அமைப்பின் அறிக்கை. அன்று பணியிலிருந்த ஆபரேட்டர் விடுப்பே இல்லாமல் 29 நாள், தினம் 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்திருந்தார் என்றும் அதில் இருக்கிறது. எந்த நிறத்தில் விளக்கு எரிந்தால் அவர் கண்ணில் பட்டிருக்கும்?

பன்ஸ்ஃபீல்டில் மீட்டரை நம்பாத இரண்டாவது காவலும் இருந்தது. டேங்க் உச்சியில் தனியாக ஒரு ஸ்விட்ச். மட்டம் அங்கே தொட்டால் பெட்ரோல் வரத்தையே நிறுத்திவிட வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன நெம்புகோல். சோதனை முடிந்ததும் நெம்புகோல் சரியான இடத்தில் நிற்க, அதில் ஒரு பூட்டு மாட்ட வேண்டும். பூட்டு எதற்கு என்பது பொருத்தியவர்களுக்கும் புரியவில்லை, கிடங்கில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. யாரோ கை வைக்காமல் இருப்பதற்கான சாதாரணப் பூட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். மாட்டவில்லை. நெம்புகோல் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. அன்று விடிகாலை பெட்ரோல் அந்த ஸ்விட்சைத் தொட்டபோது அது வேலை செய்யவில்லை.

அந்த ஸ்விட்சுக்கு 'ஹார்ட்' கிடையாது, தன் நிலையைச் சொல்லத் தெரியாது. இன்றும் ஆலைகளில் இப்படிப் பேசாத கருவிகள் நிறைய இருக்கின்றன. சாஃப்ட்வேர் பட்டியலில் அவை பச்சையாகவும் தெரியாது, சிவப்பாகவும் தெரியாது. பட்டியலிலேயே இருக்காது. அவற்றுக்காக இன்னமும் ஒருவர் ஹெல்மெட் மாட்டி, டேங்க் உச்சிக்கு ஏறி, நெம்புகோலைத் தூக்கிப் பார்த்து, பூட்டை மறுபடி மாட்டிவிட்டு இறங்க வேண்டியிருக்கிறது.