அலகிடத் தெரிந்தவனுக்கு எலெக்ட்ரிசிட்டி கஷ்டமா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் மறுபடியும் அதே வசனம்: "உங்க ஆக்சென்ட்டை மாத்துங்க." தமிழ் மீடியத்தில் படித்து வந்த நண்பர்கள் அதோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். சர்க்யூட்டை முழுசா புரிந்தவன் கடைசி பெஞ்சில். ஸ்லைடைப் பார்த்து வாசிக்கிறவன் மேடையில்.

என் கருத்து இதுதான்: நாம் மாற்ற வேண்டியது ஆக்சென்ட் இல்லை. கற்க வேண்டியது அழுத்தம், அதாவது ஸ்ட்ரெஸ். அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

தமிழில் ஒரு சொல்லை எந்த இடத்தில் அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். 'ரெக்கார்ட்' என்பதை முதல் அசையில் அழுத்தினால், லேபில் கையெழுத்து வாங்க அலைகிறோமே, அந்த ரெக்கார்ட். இரண்டாவது அசையில் அழுத்தினால் 'பதிவு செய்' என்ற வினை.

நீளமான சொற்களா? பயப்படாதீங்க. பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு தேமா, புளிமா எழுதியவர்கள்தானே நாம்! ஒரு வித்தியாசம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். 'தாமரை'யில் 'மரை' என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே நிரையசை. ஆங்கிலத்தில் அப்படிச் சேராது. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. இ-லெக்-ட்ரிக்: மூன்று அசை, அழுத்தம் இரண்டாவதில். இ-லெக்-ட்ரி-சி-ட்டி: ஐந்து அசை, அழுத்தம் மூன்றாவதுக்கு நகர்ந்துவிட்டது.

நகர்வதற்கும் கணக்கு உண்டு. சொல் 'இக்', 'ஷன்', 'இட்டி' என்று முடிந்தால், பெரும்பாலும் அந்த விகுதிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். ஸ்பெ-சி-ஃபி-கே-ஷன்: 'கே'. இ-லெக்-ட்ரா-னிக்: 'ட்ரா'. கெ-பா-சி-ட்டி: 'பா'. 'அரித்மெடிக்' மாதிரி அடங்காத சிலதும் இருக்கு. அதற்குத்தான் அகராதி, உச்சரிப்புக் குறியில், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள்.

"அப்போ வெள்ளைக்காரன் மாதிரி பேசணுமா?" தேவையே இல்லை. நம் குரல், நம் ஊர் வாசனை அப்படியே இருக்கட்டும். எதிரில் இருப்பவருக்குச் சொல் புரிந்தால் போதும்.

ஆக்சென்ட்டை மாற்று என்றால் அது ஒருவனின் ஊரையே குறை சொல்வது. அழுத்தம் இங்கே என்றால் அது பாடம். மாக் இன்டர்வியூவுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம் இதற்குக் கொடுங்கள் என்று நம் பயிற்சியாளர்களிடம் கேட்போம். அதுவரை, பக்கத்தில் இருப்பவன் ஒரு சொல்லில் தடுக்கினால் சிரிக்காதீங்க. எந்த அசையில் அழுத்தணும்னு சொல்லிக் கொடுங்க.