ஓலந்து பெற்றதை ஈழம் கேட்டது!

திருநெல்வேலி இரண்டு உண்டு, தோழர்களே! ஒன்று தாமிரபரணிக் கரையிலே இருப்பது, நம்முடையது. மற்றொன்று கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்திலே இருப்பது. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகம் நிற்பது அந்தத் திருநெல்வேலியில்தான். ஊர்ப்பெயர் மட்டுமா பொது? நமது ஆற்றின் பெயரே அந்தத் தீவின் பழம்பெயராகவும் வழங்கியது; தம்பபண்ணி என்று பாலி ஏடுகள் கூறும் பெயர் அதுதான். கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டாரே, அந்தக் கப்பல் எங்கே ஓடிற்று? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலே ஓடிற்று! எனவே, இலங்கைத் தமிழரின் உரிமை பற்றி நாம் பேசும்போது, "அது அயல்நாட்டு விவகாரம், உமக்கேன் அக்கறை?" என்று கேட்போரைப் பார்த்து நெல்லைச் சீமைக்காரன் சிரிக்கத்தான் செய்வான்.

பேச வேண்டிய காரணம் இருக்கிறது. "தமிழர் தங்களைத் தனி இனம் என்கிறார்கள், தங்கள் மாகாணத்துக்குத் தன்னாட்சி கேட்கிறார்கள், தந்தால் நாடு துண்டாகும்!" என்கிற பாட்டைக் கொழும்பிலே அன்று முதல் இன்று வரை பாடி வருகிறார்கள். தில்லியிலும் அதே பாட்டை வேறு மெட்டிலே பாடுவோர் உண்டு. தன்னாட்சி தந்தால் நாடு துண்டாகுமா? தந்து பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. மறுத்துப் பார்த்த நாடும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்திலே வைத்துப் பார்ப்போம்.

தந்து பார்த்த நாடு பின்லாந்து. அந்த நாட்டுக்கும் சுவீடனுக்கும் நடுவே, பால்டிக் கடலிலே, ஓலந்து என்று ஒரு தீவுக் கூட்டம் கிடக்கிறது. தீவுகள் ஆயிரக்கணக்கில், மக்கள் குடியிருப்பதோ அறுபது தீவுகளிலே. மொத்த மக்கள் தொகை முப்பதாயிரம் அளவு. நமது விக்கிரமசிங்கபுரத்தில் வாழ்வோர் தொகையைவிடக் குறைவு! அவர்கள் பேசும் மொழி சுவீடிஷ். நாட்டிலே பெரும்பான்மையோர் பேசும் பின்னிஷ் மொழியோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. தாங்கள் ஓலந்து மக்கள் என்கிற தனி உணர்வு அவர்களிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது.

1917ஆம் ஆண்டு பின்லாந்து ருஷ்யப் பேரரசிடமிருந்து விடுபட்டுத் தனி நாடாயிற்று. ஓலந்து மக்கள் என்ன கேட்டார்கள்? தன்னாட்சி கேட்கவில்லை, தோழர்களே! "எங்களைப் பிரித்துச் சுவீடனோடு சேர்த்து விடுங்கள்" என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். பின்லாந்து அரசு சினந்தது. 1920ல் ஓலந்தின் தலைவர்கள் யூலியஸ் சுந்த்புளூம், கார்ல் பியோர்க்மன் இருவரையும் நாட்டுத் துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தது. வழக்கு சர்வதேச சங்கத்தின் முன் சென்றது. 1921 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. தீவுகள் பின்லாந்துக்கு உரியன. ஆனால் அத்தீவு மக்களின் மொழியையும் நிலத்தையும் பண்பாட்டையும் காப்பதாகப் பின்லாந்து உறுதி தர வேண்டும். இதுதான் தீர்ப்பு.

பின்லாந்து உறுதி தந்தது. தந்ததைக் காப்பாற்றியது. 1922ல் ஓலந்தின் சட்டமன்றம் முதன்முதலாகக் கூடிற்று. அதன் முதல் தலைவர் யார்? துரோகி என்று கைது செய்யப்பட்ட அதே சுந்த்புளூம்! முதல் அரசின் தலைவர் யார்? அவரோடு கைதான அதே பியோர்க்மன்! சிறைக்கதவைத் திறந்து ஆட்சிக் கட்டிலில் அமர்த்தினார்கள். ஆண்டு நூறு கடந்துவிட்டது. பின்லாந்து உடைந்ததா? இல்லை. ஓலந்து பிரிந்ததா? இல்லை. பிரிய வேண்டும் என்று கையெழுத்திட்ட மக்களின் பேரன் பேத்திகள் பின்லாந்தின் குடிமக்களாக, ஓலந்தின் மக்களாக, இரண்டுமாக வாழ்கிறார்கள்.

வெறும் பெயரளவுத் தன்னாட்சியா அது? பாருங்கள். பள்ளிகளிலே பயிற்றுமொழி சுவீடிஷ். அரசு அலுவல் சுவீடிஷ் மொழியிலே. கல்வி, மருத்துவம், தொழில் வளர்ச்சி, காவல் துறை ஆகியவற்றிலே சட்டம் இயற்றும் உரிமை ஓலந்துக்கு. தீவில் நிலம் வாங்கவும், அதன் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கவும் ஊருரிமை பெற்றிருக்க வேண்டும். வெளியிலிருந்து வருவோர் ஐந்தாண்டு அங்கே வாழ்ந்து, சுவீடிஷ் மொழியும் அறிந்த பிறகே அந்த உரிமையைக் கேட்க முடியும். 1954 முதல் தனிக்கொடி பறக்கிறது. 1984 முதல் தனி அஞ்சல்தலை வெளிவருகிறது. படையும் இல்லை, கோட்டையும் இல்லை. ஓலந்து இளைஞர்களுக்குக் கட்டாய இராணுவச் சேவையும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று உண்டு. அந்தத் தன்னாட்சிச் சட்டத்தைப் பின்லாந்து நாடாளுமன்றம் தனியாக மாற்ற முடியாது. ஓலந்து சட்டமன்றமும் இசைந்தால்தான் ஓர் எழுத்தையேனும் மாற்றலாம்! ஆலைத் தொழிலாளிக்கு இது எளிதில் விளங்கும். சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்ட கூலி ஒப்பந்தத்தை, மறுநாள் காலை நிர்வாகம் மட்டும் பேனாவை எடுத்துத் திருத்தினால் அதற்குப் பெயர் ஒப்பந்தமா? இருவர் போட்ட கையெழுத்தை இருவர் சேர்ந்துதான் மாற்ற வேண்டும். ஓலந்தின் உரிமைக்கு இருக்கும் பூட்டு அது. இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு!

இனி, மறுத்துப் பார்த்த நாட்டைக் காண்போம்.

1948ல் இலங்கை விடுதலை பெற்றது. பெற்ற ஆண்டே குடியுரிமைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, தேயிலைத் தோட்டங்களிலே இரத்தத்தை வியர்வையாக்கிய மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானவரை நாடற்றவராக்கினார்கள். யார் அவர்கள்? நெல்லை, மதுரை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சிக் கடல் கடந்து போன நமது உழைப்பாளிகளின் வழிவந்தவர்கள். அந்த அநீதியைப் பொறாமல் வெளியேறி வந்த செல்வநாயகம் அவர்கள் 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சி கண்டார். நமது கழகம் பிறந்த அதே ஆண்டு! அவர் கேட்டது தனி நாடா? இல்லை. ஒன்றுபட்ட இலங்கைக்குள்ளே ஒரு கூட்டாட்சி. ஓலந்து மக்கள் கேட்டதைவிடக் குறைவாகக் கேட்டவர் அவர் என்பதை மறக்க வேண்டாம்.

விடை என்ன வந்தது? 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. கொழும்புக் காலிமுகத் திடலிலே அமைதியாக அமர்ந்து அறப்போர் செய்தோரை அடித்து விரட்டினார்கள். 1957 ஜூலையில் பண்டாரநாயகாவே இறங்கி வந்து செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். வடக்கு, கிழக்கிலே பிராந்திய சபைகள். நிலக் குடியேற்றம், வேளாண்மை, கல்வி ஆகியவற்றில் அவற்றுக்கு அதிகாரம். நல்ல ஒப்பந்தம்தான்! ஆயுள் எவ்வளவு? ஓராண்டுகூட இல்லை. 1958 ஏப்ரலிலே பிக்குகள் அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே தமிழர் மீது வன்முறை பாய்ந்தது. 1965ல் டட்லி சேனநாயகா மாவட்ட சபைகள் தருவதாகக் கையெழுத்திட்டார். அதுவும் நிறைவேறவில்லை. இரண்டு கையெழுத்து, இரண்டும் காற்றிலே!

அஞ்சல்தலை பற்றிச் சொன்னோம் அல்லவா? யாழ்ப்பாணத்திலும் தமிழர் அஞ்சல்தலை வெளியிட்டதுண்டு. 1961ல் கச்சேரி வாயில்களை மறித்து மாதக்கணக்கில் அறப்போர் நடந்தது. ஏப்ரல் 14ஆம் நாள் தமிழரசுக் கட்சி தானே ஓர் அஞ்சல் சேவையைத் தொடங்கி, தானே அஞ்சல்தலையும் விற்றது. துப்பாக்கி ஏந்தவில்லை, குண்டு வீசவில்லை, கடிதம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவசர நிலை! இராணுவம் புகுந்தது. தலைவர்கள் பனாகொடை முகாமிலே அடைக்கப்பட்டார்கள். ஓலந்திலே அஞ்சல்தலை சட்டபூர்வமான உரிமை. யாழ்ப்பாணத்திலே அது சிறைக்கு வழி!

அதற்குப் பின் நடந்ததை நாடறியும். 1972 அரசியல் சட்டம் ஒற்றையாட்சியை உறுதியாக்கிற்று. கூட்டாட்சி கேட்டுக் கேட்டுச் சலித்த மக்கள் 1976 மே மாதம் வட்டுக்கோட்டையிலே தனி நாடு கேட்டுத் தீர்மானம் இயற்றினார்கள். 1981ல் யாழ் நூலகம் எரிந்தது. 1983 ஜூலையிலே தமிழர் வீடுகள் எரிந்தன. அதற்குப் பின் 2009 மே வரை போர். தன்னாட்சி தந்தால் நாடு துண்டாகும் என்றார்களே, தராததால் நாடு என்ன ஆயிற்று? பிரிவினை கேட்ட ஓலந்தைத் தன்னாட்சி இணைத்து வைத்தது. இணைந்து வாழக் கேட்ட ஈழத்தைத் தன்னாட்சி மறுப்பு பிரிவினைக்குத் தள்ளிற்று. இதைவிடத் தெளிந்த சான்று எவருக்கு வேண்டும்?

"1987ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மாகாண சபை தந்தோமே!" என்பார்கள். தந்தார்கள். கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். கால்வாய் வெட்டியாயிற்று, கரை கட்டியாயிற்று; ஆனால் மடைப் பலகையைத் தூக்கும் சாவி மட்டும் வேறொருவர் கையிலே என்றால், வயலுக்குத் தண்ணீர் வருமா? மாகாண சபையின் நிலை அதுதான். குடியரசுத் தலைவர் அனுப்பும் ஆளுநர் பரிந்துரைத்தால்தான் நிதி பற்றிய சட்டத்தையே சபை எடுக்க முடியும். நிலமும் காவலும் ஏட்டிலே உண்டு, கையிலே இல்லை. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் 2006ல் நீதிமன்றம் பிரித்தது. வடக்கு மாகாணம் தனியே தன் முதல் தேர்தலைக் கண்டது 2013ல். சட்டம் வந்து இருபத்தாறு ஆண்டு கழித்து! முப்பத்தெட்டு இடங்களில் முப்பதைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அந்தச் சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. 2024 முடியும் வரை மறு தேர்தல் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்தோர் இல்லாத மாகாணத்தை ஆளுநர் ஆண்டார். ஒற்றைச் சாவிப் பூட்டின் இலட்சணம் இது!

ஒன்றை நாமும் மனம் திறந்து சொல்லியாக வேண்டும். தன்னாட்சி என்பது பெரும்பான்மை ஒருவருக்குச் சூட்டும் மகுடம் அல்ல. 1990 அக்டோபரிலே வடக்கில் பரம்பரையாக வாழ்ந்த முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியது மாபெரும் அநீதி. தமிழ் பேசும் அந்த மக்கள் கையில் மூட்டையோடு நடந்தார்கள். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் தோளோடு தோள் சேர்ந்து பீடி சுற்றி வாழும் நமக்கு அந்த வலி புரியும். கொழும்பிடம் நாம் எந்த நீதியைக் கேட்கிறோமோ, அதே நீதியைத் தன்னாட்சி பெறும் மாகாணம் தனக்குள் வாழும் சிறுபான்மைக்குத் தந்தாக வேண்டும்.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். 1963ல் நாடு காக்கும் நல்லெண்ணத்தோடு திராவிட நாடு கோரிக்கையை அண்ணா விட்டார். கோரிக்கைக்குரிய காரணங்களை விடவில்லை. 1969ல் இராசமன்னார் குழு அமைந்தது. 1971ல் அறிக்கை தந்தது. 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. 2025 ஏப்ரலிலே நீதியரசர் குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழு அறிவிக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் குழு அமைக்க வேண்டியிருக்கிறதென்றால் பொருள் என்ன? சாவி இன்னும் தில்லியில் இருக்கிறது என்பதுதான்!

கல்வி மாநிலத்தின் உரிமையாக இருந்தது. 1976ல் அவசர நிலைக் காலத்திலே பொதுப் பட்டியலுக்குப் போயிற்று. மாநிலத்தின் எல்லையை, பெயரை, ஏன், மாநிலம் என்ற தகுதியையே, அதன் இசைவின்றி நாடாளுமன்றம் மாற்றலாம் என்கிறது அரசியல் சட்டம். 2019ல் ஜம்மு காஷ்மீருக்கு அதுதான் நடந்தது. மாநிலமாக உறங்கச் சென்றோர் யூனியன் பிரதேசமாக விழித்தார்கள். 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, மலையகத் தமிழரில் இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவின் பங்கு. அந்த உழைப்பாளிகளை எவர் கேட்டார்? 1974ல் கச்சத்தீவு போயிற்று. தமிழகச் சட்டமன்றத்தின் இசைவை எவர் கேட்டார்?

ஆகவே தோழர்களே, ஈழத்துக்கு நாம் கேட்பதும் தமிழகத்துக்கு நாம் கேட்பதும் அடிப்படையில் ஒன்றே. மொழி எமது, நிலம் எமது, வரும்படியிலே உரிய பங்கு எமது. இவற்றை மாற்ற வேண்டுமானால் எம் இசைவும் வேண்டும். பிரிவினைப் பேச்சு அல்ல இது. பிரிவினைக்கு மருந்து இது. முப்பதாயிரம் பேருக்குத் தந்த பின்லாந்து சிறுத்துப் போகவில்லை. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் வடக்கு மாகாணத்துக்கு மறுத்த இலங்கை பெருத்துப் போகவும் இல்லை.

சங்கக் கொட்டகையிலே, ஆலை வாயிலிலே, கிளைக் கழகப் படிப்பகத்திலே இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். "தன்னாட்சி என்றால் பிரிவினை" என்று எவரேனும் வாதிட வந்தால், சினம் கொள்ள வேண்டாம். ஓலந்தின் முதல் சட்டமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் யார் என்று மட்டும் கேளுங்கள். பனாகொடை முகாமிலே அடைக்கப்பட்டோர் கேட்டது என்ன என்றும் கேளுங்கள். விடை தேடிப் போகிறவன் நம் பக்கம்தான் வந்து சேருவான்!