தேனீப் பெட்டிக்குள் சாக்பீஸ்!

தேனீப் பெட்டியின் வாசலில் சில நாள் காலையில் வெள்ளை வெள்ளையாகச் சின்னத் துண்டுகள் கிடக்கும். தொட்டால் கெட்டியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குக் கீழே உடைந்து கிடக்கும் சாக்பீஸ் மாதிரியே! ஆனால் அவை செத்துக் காய்ந்துபோன தேனீப் புழுக்கள். இந்த நோயின் பெயரே சாக்புரூட். காரணம் அஸ்கோஸ்ஃபெரா ஏபிஸ் என்ற பூஞ்சை. ஜெர்மனியில் 1913-லேயே விவரிக்கப்பட்ட பழைய நோய் இது. ஆஸ்திரேலியாவுக்கு 1993-ல் வந்து சேர்ந்தது.

இதைப் பார்த்ததும் தேனீ வளர்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு என்ன மருந்து?" என்பதுதான்.

அந்தக் கேள்வியிலேயே தப்பு இருக்கிறது. ஏன் என்று புரிய, முதலில் நோய் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பூஞ்சையின் வித்துகள் உணவோடு சேர்ந்து புழுவின் வயிற்றுக்குள் போகின்றன. மூன்று நான்கு நாள் வயதுப் புழுக்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். வித்து முளைத்து, பஞ்சு போல உடம்பு முழுக்கப் பரவி, புழுவைக் கொன்றுவிடுகிறது. பிறகு அது காய்ந்து சுருங்கிச் சாக்பீஸ் ஆகிறது. அடையை எடுத்து ஆட்டினால் மூடிய அறைகளுக்குள் கலகலவென்று சத்தம் கேட்கும். பூஞ்சை புதிய வித்துகளை உண்டாக்கிவிட்டால் வெள்ளைத் துண்டு கறுத்துவிடும். அந்த வித்துகள் பதினைந்து வருடம்கூட உயிரோடு இருக்கும்!

ஆக, வித்து இல்லாத பெட்டி வேண்டும் என்று ஆசைப்படுவது வீண். வித்து இருந்தும் நோய் வராத பெட்டிதான் வேண்டும்.

அப்படிப்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. தேனீக்கள் புழு இருக்கும் பகுதியை ஏறத்தாழ 33 முதல் 36 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே வைத்திருக்கும். புழு கொஞ்சம் குளிர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதனால்தான் அடையின் ஓரத்தில் இருக்கும் புழுக்கள் முதலில் சாகின்றன. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு வியப்பான விஷயம் தெரிந்தது. இந்தப் பூஞ்சை உள்ளே வந்ததும், புழுக்கள் சாவதற்கு முன்பே, தேனீக்கள் கூட்டின் சூட்டைக் கூட்டிவிட்டன. மனிதனுக்குக் காய்ச்சல் வருவது போல, ஒரு கூட்டத்துக்கே காய்ச்சல்!

தேனீ வளர்ப்பவர் செய்ய வேண்டியதும் இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. பெட்டியை ஈரமில்லாத இடத்தில், கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும். கூட்டம் சிறிதாக இருக்கும்போது பெட்டியைப் பெரிதாக்கக் கூடாது, அத்தனை இடத்தையும் சூடாக வைக்க ஆள் பற்றாது. கறுத்த பழைய அடைகளைக் கழித்துவிட வேண்டும். எங்கிருந்தோ வந்த மகரந்தத்தை வாங்கி உணவாக வைக்கக் கூடாது, வித்தும் கூடவே வந்துவிடும். இதில் ஒன்றுகூடக் கடையில் விற்கும் பொருள் அல்ல.

பிரச்சினையே அதுதான். விற்க முடியாத வைத்தியத்துக்கு விளம்பரம் கிடையாது. அந்த இடத்தை ஆன்டிபயாடிக் பிடித்துக்கொள்கிறது. தேனீப் புழுக்களுக்கு வரும் வேறு சில நோய்கள் பாக்டீரியாவால் வருபவை. அவற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஆனால் தேனில் தங்கிவிடும். தேனில் மருந்து எச்சம் என்ற சிக்கலில்தான் 2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேன் இறக்குமதியை நிறுத்தியது. மறுபடி கதவு திறக்க 2011 ஆனது. இடையில் நஷ்டப்பட்டவர்களில் மருந்தே கலக்காதவர்களும் இருந்திருப்பார்கள் இல்லையா?

சரி, பெட்டியைச் சுத்தமாக வைத்தும் நோய் திரும்பத் திரும்ப வந்தால்? இராணியை மாற்ற வேண்டும்.

சில கூட்டங்களில் வேலைக்காரத் தேனீக்கள் மூடிய அறைக்குள் புழு நோயாக இருப்பதை மோப்பம் பிடித்து, மூடியைத் திறந்து, அதை வெளியே தூக்கிப் போட்டுவிடும். இது பரம்பரைக் குணம் என்று 1964-ல் அமெரிக்க ஆய்வாளர் வால்டர் ராத்தன்புலர் காட்டினார். பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்லா ஸ்பிவாக் இந்தக் குணமுள்ள இராணிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு வம்சத்தையே உருவாக்கினார். சோதனை எளிது. மூடிய புழு அறைகள் கொஞ்சத்தைத் திரவ நைட்ரஜன் ஊற்றி உறைய வைத்துக் கொல்ல வேண்டும். 24 மணி நேரத்தில் 95 சதவீதத்துக்கு மேல் சுத்தம் செய்துவிட்டால் அந்தக் கூட்டம் பாஸ்!

கணக்குப் பதிவியல் பாஷையில் சொன்னால், மருந்து என்பது வருவாய்ச் செலவு. வருடா வருடம் கணக்கில் வரும், எதுவும் மிஞ்சாது. நல்ல இராணி மூலதனச் செலவு. அவள் மகள்கள் வழியாகவும் பலன் வரும். பழைய அடையோ தேய்மானம் முழுவதும் எழுதிய சொத்து. இன்னும் வைத்திருப்பதால் லாபமில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. இராணி வானத்தில் பறந்து, பத்துப் பதினைந்து ஆண் தேனீக்களோடு சேர்கிறாள். அந்த ஆண்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டியிலிருந்தும் வரும். காசு போட்டு வாங்கிய குணம் அடுத்த தலைமுறையில் நீர்த்துப் போகும். ஒருவர் முதலீடு செய்தால் பலன் பாதி பக்கத்து வீட்டுக்குப் போகிறது, பக்கத்து வீட்டு அலட்சியம் பாதி இங்கே வருகிறது. அப்படியானால் யார் முதலில் காசு போடுவார்?

தனி ஆள் போட மாட்டார். அதனால் நல்ல இராணி வளர்ப்பது ஒரு ஊரின் வேலை, ஒரு சங்கத்தின் வேலை. விதை நெல்லையும் பொலி காளையையும் பொதுவில் வைத்துப் பழகிய சமூகத்துக்கு இது புதிதல்ல.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு முன்னனுபவம் இருக்கிறது. 1991-92-ல் தாய் சாக்புரூட் என்ற நோய் தென்னிந்தியாவில் பரவியபோது, கன்னியாகுமரி மாவட்டத்தில் நாட்டுத் தேனீக் கூட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. அது பூஞ்சை அல்ல, வைரஸ். பெயரில்தான் கொஞ்சம் ஒற்றுமை. ஆனால் அதற்கும் மருந்து இல்லை. தாக்குப்பிடித்து மிஞ்சிய கூட்டங்களிலிருந்துதான் நாட்டுத் தேனீ மறுபடி பெருகியது. அந்தப் பேரழிவில் இயற்கை நடத்திய தேர்வைத்தான் மினசோட்டாவில் நஷ்டமில்லாமல், முன்கூட்டியே நடத்தினார்கள்.

நோய் வந்து பாதிப் பெட்டி காலியான பிறகு தேறுவதா, இல்லை ஊர்கூடி இப்போதே தேர்ந்தெடுப்பதா? சங்கங்களும் வேளாண்மைத் துறையும் மானியத்தில் பெட்டி கொடுக்கும்போது, அதற்குள் எப்படிப்பட்ட இராணி இருக்கிறாள் என்பதையும் சோதித்துக் கொடுக்கட்டும். பெட்டி வெறும் மரம்தான். சொத்து உள்ளே இருக்கிறது.