நீலசந்திராவுக்கு ஒரு பட்டறை

அம்மன் திருவிழாவுக்கு ரசீதுப் புத்தகத்துடன் இளைஞர்கள் வந்து நின்றால், நீலசந்திராவில் அவர்களை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை. கூலி வேலைக்குப் போகிறவரும் பத்து ரூபாயாவது தருவார். பந்தலும் மேளமும் விளக்கும் அந்தப் பணத்தில்தான் வருகின்றன. இந்த நல்ல பழக்கத்தை நம்பித்தான் இன்று ஒரு யோசனையை வாசகர்கள் முன் வைக்கிறோம். ஊரார் தரும் பணத்தில், ஊராரே நடத்தும் ஒரு தொழில்நுட்பப் பட்டறை நீலசந்திராவுக்கு வேண்டும்.

மேல்நாடுகளில் இதற்கு ‘ஹேக்கர் ஸ்பேஸ்’ என்று பெயர். பெயரைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். வங்கிக் கணக்கில் கைவைக்கும் திருடனை ‘ஹேக்கர்’ என்று எழுதிப் பத்திரிகைகள் பழகிவிட்டன. அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களின் பொம்மை ரயில் சங்கத்தில் 1950-களின் இறுதியில் இச்சொல் புழங்கியபோது அதன் பொருளே வேறு. ஒரு கருவியைத் திறந்து பார்த்து, அது ஓடும் விதத்தைக் கண்டு, தன் கைத்திறனால் அதை வேறொரு வேலைக்கும் வளைக்கிறவனையே அவர்கள் அப்படி அழைத்தனர். அப்படிப் பார்த்தால், சிவாஜி நகரில் பழைய மோட்டார்களைப் பிரித்துப் பூட்டும் நம்மவர்கள் அத்தனை பேரும் ஹேக்கர்கள்தான்!

அத்தகைய இடத்தில் ஒரு நீண்ட மேசை இருக்கும். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், துளையிடும் யந்திரம், சில கம்ப்யூட்டர்கள் இருக்கும். வசதி கூடினால், பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைத்துப் பொருள் செய்யும் முப்பரிமாண அச்சு யந்திரமும் இருக்கும். தனி ஒருவரால் வாங்க முடியாததைப் பலர் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைக்கிறார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருகிறார். பரீட்சை கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது.

1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில், புதிதாக வந்திருந்த ஆல்டேர் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசச் சிலர் கூடினார்கள். வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். அவர் அமைத்த கம்ப்யூட்டர்தான் 1976-இல் ‘ஆப்பிள்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பெர்லினில் 1995-இல் ‘சி-பேஸ்’ தோன்றியது. சான்பிரான்சிஸ்கோவில் 2007-இல் ‘நாய்ஸ்பிரிட்ஜ்’ தோன்றியது. பின்னது சந்தாவிலும் நன்கொடையிலும் நடப்பது. பணம் தர இயலாதவரும் அங்கே உள்ளே போய் உட்காரலாம்.

இதெல்லாம் படித்தவர்கள் வீட்டுப் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் அமெரிக்கா வரை போக வேண்டாம். பன்னேர்கட்டா சாலைப் பக்கம் குரப்பனபாளையாவை நினைத்துப் பார்த்தால் போதும். அங்கே சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், 2000-களின் இறுதியில், அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கம்ப்யூட்டர் மையம் தொடங்கப்பட்டது. கம்ப்யூட்டர்கள் நன்கொடையாக வந்தவை. கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொண்டர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். லினக்ஸும், படம் வரைய உதவும் கிம்ப்பும் இலவசமாகக் கிடைப்பவை. ஆகவே மென்பொருளுக்கென்று செலவில்லை. அந்தக் குடிசைப் பிள்ளைகள் கிம்ப்பில் வரைந்த படங்கள் பத்திரிகைகளில் பேசப்பட்டன. தமிழ்நாட்டில் விழுப்புரத்து லினக்ஸ் குழுவினரும் கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்பித்து வருகிறார்கள்.

நம்மவர்களுக்கு இது இப்போது ஏன் தேவை என்பதையும் சொல்ல வேண்டும். 1940-இல் எச்.ஏ.எல்., 1948-இல் ஐ.டி.ஐ., 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பி.இ.எல். என்று இந்நகரில் ஆலைகள் எழுந்தன. பத்தாவது முடித்த பையன் அங்கே அப்ரண்டிஸாகச் சேர்ந்து லேத் பிடிக்கக் கற்றான். பிறகு அங்கேயே வேலை பார்த்து, வீடு கட்டினான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான். அந்த வாசல் இன்று மிகவும் குறுகிவிட்டது. எச்.எம்.டி.யின் கைக்கடிகாரத் தொழில் 2016-இல் முடிவுக்கு வந்தது. கோலார் தங்க வயல் 2001-இலேயே மூடப்பட்டது. அங்கிருந்து நம்மவர்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருவது யாவரும் அறிந்ததே. புதிய கம்பெனிகளோ பட்டம் கேட்கின்றன. பத்தாவதோடு நின்ற பையனுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கும் வேலையும் வாசற்காவலும்தான் மிச்சம். அவனுக்குக் கைத்திறன் இல்லை என்று யார் சொல்ல முடியும்? பழகக் கருவியும் உட்கார இடமும்தான் இல்லை.

மத்திய அரசு 2016 முதல் ‘அடல் டிங்கரிங் லேப்’ என்ற பெயரில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பள்ளிகளில் இத்தகைய கூடங்களை அமைத்திருக்கிறது. பள்ளிக்கு இருபது லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் அது. பாராட்டத்தக்கதே. ஆனால் அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவருக்கானது. பள்ளியை விட்டவனுக்கு அங்கே வேலை இல்லை. நகரில் கட்டணம் வாங்கி நடத்தும் பட்டறைகளும் உண்டு. நமது பையன்களின் கைக்கு அவை எட்டுவதில்லை.

செலவு மலைபோல் இருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 2005-இல் இத்தாலியில் உருவான ‘ஆர்டுயினோ’ பலகையின் வரைபடத்தை யாரும் எடுத்தாளலாம் என்று திறந்து வைத்தார்கள். அதனால் அதே மாதிரியில் செய்த பலகை எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் அமைப்பு ஒன்றைச் செய்து பழக அது போதும். பேட்டையில் அதற்கு வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்களா?

நிற்காத செலவு வாடகைதான். இத்தகைய இடங்களைக் கவிழ்ப்பதும் அதுவே. தொடக்க விழாவில் மாலை போட்டுக்கொண்டு பெருந்தொகை தரும் ஒருவரை நம்பி இறங்கினால், அவர் மனம் மாறிய மாதம் கதவு சாத்தப்படும். மாதம் நூறு ரூபாய் வீதம் இருநூறு பேர் தந்தால் இருபதாயிரம் ரூபாய். ஒருவர் விலகினால் நூறு ரூபாய்தான் குறையும். ஆகவே சிறு சந்தாவே பாதுகாப்பு.

இங்கேதான் குமாஸ்தா வாசகர்களின் உதவி வேண்டும். கர்நாடக சங்கப் பதிவுச் சட்டம், 1960-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பகலெல்லாம் பிறர் கணக்கை எழுதுகிறவர்கள் வாரம் ஒரு மணி நேரம் இந்தக் கணக்கையும் எழுதி, மாதம் பிறந்ததும் வாசற்பலகையில் ஒட்ட வேண்டும். நமது சங்கங்கள் பல உடைந்தது கொள்கையில் அல்ல, கணக்கில்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம்.

இன்னொன்று. நீலசந்திராவில் தமிழும் உருதும் கன்னடமும் ஒரே சந்தில் பேசப்படுகின்றன. பட்டறைக்குத் தமிழர் மட்டும் என்ற வேலி வேண்டாம். பெயர்ப்பலகையில் கன்னடம் முதலில் இருக்கட்டும். பெண்பிள்ளைகள் அச்சமின்றி வந்து போக ஞாயிறு பகலும் திறந்திருக்க வேண்டும். இராத்திரிச் சபையாக மட்டும் நடந்தால் அவர்கள் வரமாட்டார்கள்.

1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூரில் நூலகம் வைத்து நடத்துகிறது. புத்தகத்தைப் பொதுவில் வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஸ்குரு டிரைவரைப் பொதுவில் வைப்பது கடினமாக இராது. முதலில் தேவை ஓர் அறை. விழாக்காலம் தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் மன்ற அறை ஒன்றின் சாவியை, வாரத்தில் இரண்டு மாலையும் ஞாயிறு பகலும் தர முன்வரும் சங்கம் எதுவானாலும், அதன் பெயரை இப்பத்திரிகையில் வெளியிடக் காத்திருக்கிறோம்.