திருச்சி விமான நிலையப் பயணிகளுக்குத் தமிழில் வழிகாட்டிக் கையேடு கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
பயணிகள் நலச் சங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
1. இயக்குநர் அவர்கள், பன்னாட்டு விமான நிலையம், திருச்சிராப்பள்ளி.
2. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருச்சிராப்பள்ளி.

பொருள்: முதன்முறை விமானம் ஏறுவோருக்குத் தமிழில் பயணக் கையேடு அச்சிட்டு, அவரவர் ஊரிலேயே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய புதிய முனையம் 2024 ஜூன் 11 முதல் இயங்கி வருகிறது. ஆண்டுக்கு 44.5 லட்சம் பேர் வந்துபோக இடமிருக்கிறது. கோபுர முகப்பும் சுவர் ஓவியங்களும் கண்ணுக்கு நிறைவு. கட்டடத்தைப் பற்றி எங்களுக்குக் குறையில்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், பெரம்பலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போகிறவர்களுக்காகவே இந்த மனு. அவர்களில் பலருக்கு அதுதான் முதல் விமானம். டிக்கெட்டின் நிபந்தனைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. மீதி, ஏஜென்ட் வாயால் சொன்னால் உண்டு.

முனையத்துக்குள் இன்னும் நாலு பலகை வைப்பதால் இது தீராது. வாசலில் நின்று படிக்கும்போது பெட்டி கட்டி முடிந்திருக்கும். எனவே கையேடு இ-சேவை மையங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் டிராவல்ஸ் கடைகளிலும் கிடைக்க வேண்டும். இதுவே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

கையேட்டில் முதலில் வர வேண்டியது சாமான் கட்டும் விதி. பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், ஏற்றி அனுப்பும் பெட்டியில் கூடாது. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் என்பதால் அதற்கு அனுமதியில்லை. இவையாவது பெட்டியைப் பிரித்து எடுத்துப்போட்டால் முடிந்துவிடும். கசகசா அப்படியல்ல. வீட்டில் அரைத்த கறிமசாலாவில் ஒரு கரண்டி சேர்ப்பது நம் வழக்கம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள், பிடிபட்டால் வழக்குதான். அம்மா ஆசையாய்க் கட்டிக்கொடுத்த பொட்டலம் மகனைச் சிறைவாசல் வரை கொண்டுபோய் நிறுத்தலாம். வலிமாத்திரை, தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்கு அந்த நாடுகளில் முன் அனுமதியே தேவை. இந்தப் பக்கத்தைக் கொட்டை எழுத்தில், படத்தோடு அச்சிடக் கோருகிறோம்.

அடுத்தது இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரையுள்ள பாஸ்போர்ட். இந்த முத்திரை பெறும், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விசிட் விசாவில் ஏற்றிவிடும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். குடியேற்றச் சோதனையில் நிறுத்தப்படும்போது, வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணமும் அங்கேயே நின்றுபோகிறது. பதிவுபெற்ற ஏஜென்ட்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கும் முறையைப் படிப்படியாகக் கையேட்டில் விளக்க வேண்டும்.

நேரக் கணக்கும் பலரை ஏமாற்றுகிறது. டிக்கெட்டில் 12ஆம் தேதி 00.40 மணி என்றிருந்தால் 11ஆம் தேதி இரவே வந்துவிட வேண்டும். 12ஆம் தேதி இரவு வேன் பிடித்து, சொந்தபந்தத்தோடு வந்து இறங்கினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். மூன்று மணி நேரம் முன்னதாக வருவதையும், பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடுவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திரும்பி வருவோருக்கு நகை வரம்பையும் கையேடு சொல்ல வேண்டும்: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர் கொண்டுவரும் நகையில் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரை சுங்கவரிச் சலுகை உண்டு.

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வெளியூர்ப் பேருந்துகள் மதுரைச் சாலையில் பஞ்சப்பூருக்கு வருகின்றன. விமான நிலையமோ புதுக்கோட்டைச் சாலையில். இரண்டு பெட்டியும் கைக்குழந்தையுமாக இறங்குகிறவர், முனைய வாசல்வரை செல்லும் பேருந்தை இரவிலும் நம்பி ஏற வழி செய்யுங்கள். அதன் நேரப்பட்டியல் கையேட்டின் பின்னட்டையில் இருக்கட்டும்.

வரைவை எளிய தமிழில் திருத்தித் தரவும், ஊர்களில் விநியோகிக்கவும் எங்கள் உறுப்பினர்கள் ஆயத்தமாக உள்ளனர். சுங்கம், குடியேற்றம், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை அலுவலர்களையும் அழைத்து ஆலோசனைக் கூட்டத்துக்கு நாள் குறித்துத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்,
பயணிகள் நலச் சங்கம்.

நகல்: அயலகத் தமிழர் நலத்துறை, சென்னை.