சூடான சீட்டும் ஏட்டுச் சுரைக்காயும்



"ஜீப் சீட்டுக்கு ஹீட்டரா? ஏன், ஏ.சி.யும் மாட்டிட வேண்டியதுதானே!" இந்தத் தலைப்பில் மலருக்கு எழுதப் போகிறேன் என்று விடுதியில் சொன்னதும் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு இதுதான். சிரித்தவர்கள் அத்தனை பேரும் சமவெளிக்காரர்கள். நான் நீலகிரிக்காரன். மார்கழி, தை மாதங்களில் கேத்திப் பள்ளத்தாக்கில் விடியற்காலை புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்த நேரத்தில் கேரட் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு படுதா போட்ட பழைய ஜீப்பை ஓட்டிப் போகிறவருக்கு சீட் என்பது சீட் அல்ல, ஐஸ் பாளம்!

என் சித்தப்பா அப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டுகிறவர். இடுப்பு வலி உண்டு. சர்க்கரையும் உண்டு. போன குளிர்காலத்துக்கு முன்னால் யாரோ சொல்லி, சீட்டுக்கு அடியில் வைக்கும் ஹீட்டர் பேட் இரண்டு வாங்கி வந்தார். ஓட்டுநர் சீட்டுக்கு ஒன்று, பக்கத்து சீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 12 வோல்ட், 45 வாட்.

இது ஒன்றும் புதிய ஆடம்பரம் அல்ல. அமெரிக்காவில் காடிலாக் கார்களில் 1966-லேயே விரும்பினால் பெறும் வசதியாக இது வந்துவிட்டது. குளிர் நாடான ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் ஓட்டுநர் சீட்டுக்கு இதைப் பொருத்தியே விற்றது. அங்கே தொழிற்சாலையில் கணக்குப் போட்டு மாட்டினார்கள். இங்கே நாம் எப்படி மாட்டினோம் என்பதுதான் கதை.

நடந்தது என்ன?

ஊரில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு மெக்கானிக் வேலையை எடுத்துக்கொண்டார். நான் லீவில் இருந்தேன். டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஜீப்பின் குறுகலான சீட்டுக்கு பேட் நீளமாக இருந்தது. மூன்றில் ஒரு பங்கை வெட்டி, உள்ளே ஓடும் ஹீட்டிங் கம்பியை முறுக்கி இணைத்து டேப் சுற்றினார். பிறகு மெல்லிய ஒயர் ஒன்றை பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச். ஃப்யூஸ் கிடையாது. "டைரக்டா குடுத்தாத்தான் தம்பி நல்லா சூடாகும்" என்றார்.

ஆட்டோ எலக்ட்ரிகல் பேப்பரில் நான் நல்ல மார்க்கோடு பாஸானவன். ஒரு வார்த்தை பேசவில்லை. 'இவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது' என்று ஒரு கூச்சம்.

பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராவது நாள், தோட்டத்திலிருந்து திரும்பும்போது பக்கத்தில் இருந்தவருக்கு ரெக்ஸின் கருகும் வாடை. சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் சீட்டின் பஞ்சு கரியாகிக் கிடந்தது. தொடையின் பின்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். ஆற ஏழு வாரம் ஆயிற்று. சர்க்கரைக்காரருக்குப் புண் என்றால் என்ன என்று வீட்டில் அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டை எடுத்தேன்

அன்று ராத்திரிதான் ஓம் விதி எனக்கு நிஜமாகப் புரிந்தது. 12 வோல்ட்டில் 45 வாட் என்றால் பேட்டின் மின்தடை 3.2 ஓம். மூன்றில் ஒரு பங்கை வெட்டியதும் அது ஏறக்குறைய 2.13 ஓம். மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். 45 வாட் 67 வாட்டுக்கு மேலே போயிற்று. பரப்போ மூன்றில் இரண்டு பங்குதான். ஆக, ஒரு சதுர அங்குலத்துக்கு விழும் சூடு இரண்டே கால் மடங்கு! போதாக்குறைக்கு, சூடு ஏறினால் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் வெட்டி எறிந்த துண்டோடு போய்விட்டது.

"ஃப்யூஸ் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாமே" என்பீர்கள். அதுதான் இல்லை. வெட்டிய பேட் இழுத்தது 5.6 ஆம்பியர். நல்ல பேட்டையும் சேர்த்தால் ஒன்பதரை. 15 ஆம்பியர் ஃப்யூஸ் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. மனிதனைக் காப்பாற்றுவது தெர்மோஸ்டாட். 44 டிகிரி சூடுகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். உணர்வு குறைந்த உடம்பு 'சுடுது' என்று சொல்லவும் சொல்லாது.

அப்படியானால் ஃப்யூஸ் வேண்டாமா? சீட்டைக் கழற்றியபோது அதற்கும் பதில் கிடைத்தது. சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தில் உரசி, ஒயரின் தோல் பாதி தேய்ந்திருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் செம்பு பாடியைத் தொட்டிருக்கும். பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஒயரே நெருப்புத் திரி ஆகியிருக்கும். வண்டியில் அன்று ஒன்பது பேர்.

சரியாகச் செய்வது எப்படி?

மறுபடி நாங்களே மாட்டினோம், அதே மெக்கானிக்கையும் கூட வைத்துக்கொண்டு. அதன் சுருக்கம் இதோ.

முதலில் வண்டியின் வோல்ட்டேஜ். பழைய ஜீப் எல்லாம் 12 வோல்ட் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் கால வில்லிஸ் ஜீப் 6 வோல்ட். ராணுவ வண்டிகளில் 24 வோல்ட்டும் உண்டு. 12 வோல்ட் பேட்டை 6-ல் மாட்டினால் கால் பங்கு சூடு. 24-ல் மாட்டினால் நாலு மடங்கு!

அடுத்தது வரவு செலவு. எங்கள் ஜீப்பின் ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர். ஹெட்லைட், பின் விளக்கு, வைப்பர் எல்லாம் சேர்ந்து 15 ஆம்பியருக்குப் பக்கம். பேட் இரண்டும் சேர்ந்து ஏழரை. ஓடும்போது தாங்கும். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் முழுசாகக் கொடுக்காது, பேட்டரி கரையும். ஆகவே வண்டி நிற்கும்போது ஹீட்டரை அணைக்க வேண்டும். டைனமோ வண்டி என்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

பிறகு ஒயரிங். பேட்டரி பாசிட்டிவிலிருந்து எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் 15 ஆம்பியர் ஃப்யூஸ். அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு. 87-லிருந்து சுவிட்ச் வழியாக சீட்டுக்கு. 86-க்கு இக்னிஷன் சாவியிலிருந்து ஒரு சிறு ஒயர். 85 எர்த். சாவியை எடுத்தால் ஹீட்டரும் நின்றுவிடும். மறந்து இறங்கினாலும் காலையில் பேட்டரி இருக்கும். தகட்டைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் வாஷர். சீட் நகர்வதற்கு ஒயரில் கொஞ்சம் தளர்வு.

எர்த்தை அலட்சியம் செய்யாதீர்கள். துருப்பிடித்த போல்ட்டில் 0.2 ஓம் இருந்தாலே போதும், அந்த ஒரு போல்ட்டில் மட்டும் எட்டு, ஒன்பது வாட் சூடாக வீணாகும். எமரி தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பேட் சரியான அளவில் வாங்குங்கள். கம்பி பேட்டை வெட்டவே வெட்டாதீர்கள். சித்தப்பாவுக்கு மேலும் ஒரு கட்டுப்பாடு: ஏறியதும் பத்து நிமிஷம் சூடு, பிறகு ஆஃப்.

யார் மேல் குற்றம்?

மெக்கானிக்கைத் திட்டுவது சுலபம். ஆனால் தோழர்களே, அவர் ஓம் விதி படிக்கவில்லை. நான் படித்திருந்தேன்! அவருக்குத் தெரியாதது குற்றம் இல்லை. எனக்குத் தெரிந்தும் வாய் திறக்காததுதான் குற்றம். என் கணக்கைக் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அந்தக் கொப்புளத்தை விட அந்த வார்த்தை எனக்கு அதிகம் சுட்டது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மைக் கேலி செய்கிறார்கள். ரெக்கார்டு நோட்டை சீனியரைப் பார்த்துக் காப்பியடித்து, வைவா முடிந்ததும் மறந்துவிடுகிற நாம் அதை நிரூபித்துக்கொண்டும் இருக்கிறோம். அதே சமயம், அந்த மெக்கானிக் காதால் கேட்டே எங்கள் ஜீப்பின் ஆல்டர்னேட்டர் பேரிங் தேய்ந்ததைக் கண்டுபிடித்தார். அது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் கையும் நம் கணக்கும் சேர்ந்தால்தான் வண்டி பத்திரமாக வீடு போய்ச் சேரும்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், நம் ஆட்டோமொபைல் ஒர்க்‌ஷாப் வாசலில் உள்ளூர் ஜீப், வேன் ஓட்டுநர்களை அழைப்போம். ஹாரன், ஃபாக் லைட், ஹீட்டர் என்று பின்னால் சேர்த்த ஒவ்வொன்றையும் பார்த்து, எத்தனை ஆம்பியர், என்ன ஃப்யூஸ், என்ன ஒயர் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்போம். செலவு ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் ஃப்யூஸும்தான். மெக்கானிக்குகளையும் அழைப்போம்; கற்றுக்கொடுக்க மட்டுமல்ல, கற்றுக்கொள்ளவும்.

இனி யாராவது உங்கள் முன்னால் பேட்டரியிலிருந்து டைரக்டாக ஒயர் இழுத்தால், டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லுங்கள். டிப்ளமோ என்பது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்!